சாட்சி வேண்டாம் என்றார்கள்

சர்வகலாசாலையின் தலைவர் என்றதும் நம் மனக்கண்முன் என்ன தோன்றுகிறது? நீண்ட அங்கி, பட்டமளிப்பு மேடை, அச்சடித்த பிரசங்கம். மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வதார் என்னும் சின்னஞ்சிறு தேசத்தில் அந்தப் பதவி வகித்த ஒரு பாதிரியாரின் கதை வேறு விதமானது.

இக்னாசியோ எல்லாகுரியா 1930-ல் ஸ்பெயின் தேசத்தின் பாஸ்க் பகுதியில் பிறந்தவர். நம் வீரமாமுனிவர் இருந்த அதே சேசு சபையில் 1947-ல் சேர்ந்தார். சபை அவரை இளமையிலேயே எல் சால்வதாருக்கு அனுப்பியது. பின்னர் ஐரோப்பாவில் தத்துவமும் சமய சாஸ்திரமும் கற்றுத் திரும்பி, 1979-ல் ஸான் சால்வதார் நகரிலுள்ள மத்திய அமெரிக்க சர்வகலாசாலையின் தலைவரானார்.

அது காப்பி விளையும் நாடு. நிலமும் செல்வமும் ஒரு சிலரிடமே இருந்தன. 'பதினான்கு குடும்பங்கள்' என்று அங்கே ஒரு பேச்சு வழக்கே உண்டு. 1980-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 12 வருஷங்களில் சுமார் 75,000 பேர் மாண்டார்கள். இப்படிப்பட்ட தேசத்தில் ஒரு சர்வகலாசாலை எதைப் படிப்பது? முதலில் நாட்டின் நிலைமையைப் படிக்கவேண்டும் என்பது எல்லாகுரியாவின் கொள்கை. நிலம் யாரிடம் இருக்கிறது, வீடிழந்து அகதியானவர்கள் கதி என்ன, ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்றெல்லாம் அவரும் சகாக்களும் ஆராய்ந்து அச்சிட்டார்கள்.

யுத்தம் பேச்சுவார்த்தையால்தான் முடியும் என்று இரு தரப்பாருக்கும் அவர் சொல்லிவந்தார். 1985-ல் ஜனாதிபதி துவார்த்தேயின் மகளைக் கொரில்லாக்கள் கடத்திச் சென்றபோது, பேராயரோடு சேர்ந்து மத்தியஸ்தம் செய்தார். நடுவில் நிற்பவனை இரு பக்கத்தாரும் சந்தேகிப்பது உலக இயல்பு. ராணுவம் சந்தேகத்தோடு நிற்கவில்லை.

1989 நவம்பர் 11-ந் தேதி கொரில்லாக்கள் தலைநகரைத் தாக்கினார்கள். ஸ்பெயினுக்குப் போயிருந்த எல்லாகுரியா 13-ந் தேதி திரும்பினார். 16-ந் தேதி விடியுமுன் சிப்பாய்கள் புகுந்து, அவரையும் உடனிருந்த ஐந்து பாதிரிமாரையும் சுட்டுக் கொன்றார்கள். பழி எதிரிமேல் விழட்டும் என்று கொரில்லாக்களிடம் பிடித்த துப்பாக்கி ஒன்றையும் உபயோகித்தார்கள்.

கதை எழுதுகிறவனாகையால் என் மனம் இன்னும் இருவரிடம் போய் நிற்கிறது. எல்பா ராமோஸ் அங்கே சமையல் வேலை பார்த்த அம்மாள். செலினா அவருடைய மகள். வெளியே குண்டுகள் வெடித்ததால், பாதிரிமார் இருக்குமிடம் பத்திரம் என்று நம்பி வந்து படுத்திருந்தார்கள். சாட்சி எவரும் மிஞ்சக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. 1993-ல் ஐக்கிய நாடுகளின் உண்மைக் கமிஷன் இதை வெளியிட்டது. தாயும் மகளும் அந்த உத்தரவின்படியே மடிந்தார்கள்.

ஆராய்ச்சி நூல்களில் 'ஏழை ஜனங்கள்' என்று எழுதுகிறோமே, அது இவர்கள்தாம். எழுதியவர்களும் எழுதப்பட்டவர்களும் ஒரே இரவில் ஒரே இடத்தில் மாண்ட சம்பவம் சரித்திரத்தில் அதிகம் இராது.

1992-ல் பேச்சுவார்த்தையால்தான் சமாதானம் வந்தது. கொலைக்கு உடந்தையாயிருந்த முன்னாள் கர்னல் ஒருவருக்கு 2020-ல் ஸ்பெயின் நீதிமன்றம் 133 வருஷச் சிறை விதித்தது. அதற்கெல்லாம் வெகு முன்பே, எல்பாவின் கணவர் அந்த இடத்தில் ரோஜாச் செடிகளை நட்டுவிட்டார். அவர் அங்கே தோட்டக்காரர்.