மணிக்கு 30 ரூபாய் இணையம்



"இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனை விட்டு நிமிர்வதே இல்லை." கல்யாண வீடு, பேருந்து, ரேஷன் கடை வரிசை, எங்கே போனாலும் பெரியவர்கள் பேச்சு இதுதான். பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டும் முன், இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று வரிசையாகப் பார்ப்போம். எல்லாம் முப்பது வருட வரலாறுதான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. போன் லைன் வழியாக வரும். இத்தனை மணி நேரம் என்று அளந்து விற்றார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத விலை.

அதனால் நம் பிள்ளைகள் இணையத்தைப் பார்த்தது பிரவுசிங் சென்டரில். எங்கள் பக்கத்தில் முதலில் மணிக்கு 30 ரூபாய், பிறகு 20. பரீட்சை ரிசல்ட் பார்க்க, ஈமெயில் அனுப்ப, யாஹூவில் சாட் செய்யப் போவார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போன மாணவர்கள் உண்டு. நேரம் முடிந்ததும் கடைக்காரர், "தம்பி, டைம் ஆச்சு" என்பார். காசு தீர்ந்தால் இணையமும் தீர்ந்தது.

அப்போதும் பெரியவர்கள் குறை சொன்னார்கள் என்பதை மறக்க வேண்டாம். "பையன் பிரவுசிங் சென்டரே கதியென்று கிடக்கிறான்" என்பது அன்றைய புலம்பல். 2011-ல் மத்திய அரசு இந்தக் கடைகளுக்கு விதிமுறை போட்டது. அடையாள அட்டை வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றெல்லாம் சொன்னது. ஆனால் அதற்குள் இணையம் கடையை விட்டுக் கிளம்பத் தொடங்கிவிட்டது. அதே 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அடுத்து ஸ்மார்ட்போன் வந்தது.

போன் வந்த பிறகும் ஓர் அளவு இருந்தது. ஒரு ஜிபி டேட்டாவுக்கு 200 ரூபாய்க்கு மேல் ஆகும். மாதம் முழுக்க அதை வைத்து ஓட்ட வேண்டும். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்து, 2017 மார்ச் வரை டேட்டாவை இலவசமாகவே கொடுத்தது. மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. காசு என்ற வேலி அன்றோடு போயிற்று.

இன்னொரு வேலி நம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. புத்தகத்தில் பக்கம் முடியும், பாடம் முடியும். திரையில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை 2006-ல் அமெரிக்காவின் அசா ரஸ்கின் உருவாக்கினார். அதற்காகப் பின்னாளில் அவரே வருத்தம் தெரிவித்தார். "டைம் ஆச்சு" என்று சொல்ல இப்போது ஆளில்லை.

2020-ல் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடின. போனைத் தொடாதே என்ற நாமே, போனைக் கையில் கொடுத்து வகுப்பைக் கவனி என்றோம். அந்த ஜூன் 29-ல் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. தடையால் செயலி போனது, பழக்கம் போகவில்லை.

ஆக, காசு, இடம், முடிவு என்று மூன்று வேலிகள் இருந்தன. மூன்றையும் பிடுங்கியவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் திறந்து கிடந்த வயலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான். அதே போனை வைத்துத்தான் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டார்கள். கூடிய இடத்தில் குப்பையையும் அவர்களே அள்ளினார்கள். ஒரு வேலை இருந்தால் இணையத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் இரண்டு வேலிகளையாவது திரும்பப் போடலாம். இரவில் எல்லாப் போனும் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜ் ஏறட்டும். எதற்காகத் திறக்கிறோம் என்று சொல்லிவிட்டுத் திறக்கும் பழக்கம் வரட்டும். விதி தாத்தா பாட்டிக்கும் சேர்த்துத்தான். காலையில் எழுந்ததும் நாம் நாற்பது பேருக்கு "குட் மார்னிங்" பூப்படம் அனுப்புவதைப் பேரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

உங்கள் ஊரில் பிரவுசிங் சென்டர் எந்த வருடம் வந்தது? மணிக்கு எவ்வளவு வாங்கினார்கள்? கமெண்டில் எழுதுங்கள். அதுவும் வரலாறுதான்.