தாது வருஷத்துக் கணக்கு

ஓர் ஆண்டில் யார் பிறந்தார்கள், யார் மறைந்தார்கள் என்று பழைய புத்தகங்களில் தேடிப் பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு. 1876-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம்.

பிப்ரவரி முதல் தேதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானார். அவரிடம் பாடம் கேட்டுவந்த சாமிநாதருக்கு அப்போது 21 வயதுகூட நிறையவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றி நமக்குத் தந்தவர் அந்த இளைஞர்தாம்.

மார்ச்சு 10-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிரகாம் பெல் அடுத்த அறையிலிருந்த தம் உதவியாளரை டெலிபோனில் அழைத்தார். ஜூன் மாதம், ஆண் பெயரில் எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியை ஜார்ஜ் சாண்ட் மறைந்தார். ஜூலையில் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் கவிமணி பிறந்தார். செப்டம்பரில் வங்காளத்தில் சரத்சந்திரர் பிறந்தார். தமிழ்நாட்டுக் குடும்பங்களையும் அழவைத்த 'தேவதாஸ்' அவர் எழுதியதுதான்.

இத்தனை பேருக்கும் தேதி இருக்கிறது. தேதி இல்லாதவர்களும் அந்த ஆண்டுக்கு உண்டு.

அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் இரண்டு பருவமழைகளும் பொய்த்தன. நம் முன்னோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்று அஞ்சிப் பேசியது இதைத்தான். 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று டில்லி தர்பாரில் பறைசாற்றினார்கள். அதே மாதம், பஞ்ச நிலைமையைப் பார்வையிட வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்றார். மண் வெட்டுகிறவன் வயிற்றுக்கு அது எந்த மூலைக்கு? 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்நாளில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். கூலிக்கு மண் சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் மகாவித்துவானாகவோ கவிமணியாகவோ வந்திருக்கவேண்டிய ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருக்கலாம். ஆண்டுக் கணக்கில் அதை எந்தத் தேதியில் எழுதுவது?