மன உறுதி மட்டும் போதுமா? கைபேசி, கவனம், உறக்கம்

கைபேசியைக் கீழே வைக்காத மாணவனுக்கு மன உறுதி போதவில்லை என்று வீட்டிலும் பள்ளியிலும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. கவனம் சிதறுவதில் கருவியின் அமைப்புக்கும் அது இருக்கும் சூழலுக்கும் பெரும் பங்கு உண்டு.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோத்தார்ட் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. கூர்ந்த கவனம் வேண்டிய ஒரு பணியில் மாணவர்கள் ஈடுபட்டிருக்கையில் அவர்களுடைய கைபேசிக்கு அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் அனுப்பப்பட்டன. கைபேசியை எடுத்துப் பார்க்காதபோதும் பிழைகள் கூடின. ஆவலை அடக்கிக்கொண்டவர்களும் இழந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். முடிக்காமல் விட்ட வேலையின் நினைவு அடுத்த வேலையிலும் ஒட்டிக்கொண்டு அதன் தரத்தைக் குறைப்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இலேயே காட்டியிருந்தார். மற்றோர் ஆய்வாளர் குளோரியா மார்க் 2004-இல் அலுவலக ஊழியர்களிடம் அளந்தபோது ஒரு திரையில் கவனம் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றது. பிந்தைய அளவீடுகளில் அது ஏறத்தாழ 47 நொடி.

உறக்கத்தின் கதையும் இதுதான். விழித்திரையில் உள்ள சில செல்கள் திரையின் நீல ஒளியை உணர்ந்து, இன்னும் பகல்தான் என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. அதனால் உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பு தாமதமாகிறது. பாஸ்டனில் 12 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், படுக்கைக்கு முந்தைய நான்கு மணி நேரம் மின்திரையில் வாசித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் வாசித்த இரவுகளைவிடத் தூக்கம் வரச் சுமார் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. மறுநாள் காலையிலும் மந்தம் நீடித்தது. எண்ணிக்கை சிறியது, ஆனால் ஆய்வுக்கூடத்தில் இரு வாரம் தங்கவைத்துக் கவனமாக அளந்த முடிவு இது. சுரப்பிகளின் மேல் மன உறுதிக்கு ஏது அதிகாரம்?

படிப்பில் கைபேசியின் பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளின் தேர்வு முடிவுகளை ஆய்வாளர்கள் பெலாண்டும் மர்ஃபியும் ஆராய்ந்தனர். கைபேசியைத் தடைசெய்த பள்ளிகளில் பின்தங்கிய மாணவர்களே மிகுதியாக முன்னேறினார்கள். முன்னணி மாணவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. ஸ்வீடனில் 2020-இல் வெளியான இதே வகை ஆய்வு இப்பலனைக் காணவில்லை என்பதால், தடை எங்கும் மதிப்பெண்ணைக் கூட்டும் எனல் மிகை. ஆயினும் இங்கிலாந்துத் தரவு ஒன்றைத் தெளிவாக்குகிறது: சுயக்கட்டுப்பாட்டை மட்டும் நம்பும் பள்ளி, ஏற்கெனவே தடுமாறும் பிள்ளையைத்தான் முதலில் கைவிடுகிறது.

தனிமனிதரின் உறுதியை மட்டும் நம்பாமல், பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பணி நேரத்துக்குப் பிந்தைய மின்னஞ்சல் தொல்லைக்கு வரையறை காண வேண்டும் என்று சட்டம் செய்தது. ஊழியருக்குக் கிடைத்த இந்தக் காப்பு சிறாருக்கும் வேண்டும். முடிவின்றி உருளும் பக்கங்களையும் தானாக ஓடும் காணொளிகளையும் சிறார் கணக்குகளில் இரவு நேரத்தில் நிறுத்திவைக்கும் பொறுப்பை, அவற்றை உருவாக்கிய நிறுவனங்களே ஏற்க வேண்டும்.