அண்ணாவியார் வீட்டுப் பெட்டகம்

எமது பாடசாலையின் நாடக வரலாற்றைத் தேடிய நாம், மட்டக்களப்புக் கிராமமொன்றில் கூத்துக் குழுவொன்றின் உடுப்புப் பெட்டகத்தைப் பார்க்கச் சென்றோம்.

அண்ணாவியார் பாய் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வடமோடி அரசனின் பாரமான முடி, கண்ணாடித்துண்டு பதித்த மார்புப்பதக்கம், விரிந்து நிற்கும் கரப்புடுப்பு. தென்மோடிக்குரிய இலேசான உடுப்புகள். வாள், வில், சலங்கை. வட்டக்களரியில் விடியவிடிய ஆடியவர்களின் வியர்வைக்கறை துணியில் தெரிந்தது. 1978 சூறாவளியில் கூரை போனபோதும் பெட்டகத்தை விடவில்லை என்றார்.

அரசி உடுப்புகளும் ஆண்களின் அளவிலேயே இருந்தன. மரபில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். அவரது முயற்சியால் பாடசாலைகளிலும் கூத்து வளர்ந்தது. அந்த அலையிலேதான் எமது மாணவியரும் சலங்கை கட்டினர். உடுப்பு இரவல் தந்தது இக்குழுவே.

அடியிலிருந்த அரசி உடுப்பொன்றின் இடுப்பில் கைத்தையல் மடிப்புகள்.

“இது உங்கட பள்ளிக்கூடப் பிள்ளையளுக்காகச் சுருக்கினது. நாங்கள் பிரிக்கயில்லை.”

எமது அலுவலகத்தில் அந்த ஆட்டத்தின் படமொன்றுகூட இல்லை. உங்களில் எவரிடமேனும் இருந்தால் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஒரு பிரதி அண்ணாவியார் வீட்டுக்கும் போகும்.