அட்டாலியில் கிடந்த தோல் தும்பி

போன வாரம் அட்டாலியைச் சுத்தம் பண்ணினோம். பழைய சாக்கு, ஓட்டை அண்டா, உடைஞ்ச கலப்பை மேழி எல்லாம் இறங்கியது. கடைசியில் காய்ந்து விறைத்துப்போன தோல் குழாய் ஒன்று. நாலடி நீளம் இருக்கும். லீவுக்கு வந்திருந்த தம்பி மகன் அதைத் தூக்கிப் பார்த்துட்டு, "பெரியப்பா, யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கே, என்ன இது?" என்றான்.

"அதுக்குப் பேரே தும்பிதான்டா. கவலையில கட்டுறது" என்றேன். நகரத்துப் பிள்ளைக்குக் கவலை என்றால் மனக்கவலைதான் தெரியும். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் வருவதற்கு முன்னால் கிணத்துத் தண்ணியை மாடு கட்டித்தான் இறைத்தோம். கொங்குப் பக்கம் அதற்குக் கவலை என்று பேர், மதுரைப் பக்கம் கமலை. இரும்புத் தகட்டில் செய்த பெரிய பாத்திரம் சால். அதன் அடியில் வட்டமாக ஓட்டை. அந்த ஓட்டையில்தான் தும்பியைப் பொருத்துவார்கள். சாலின் வாயில் தடித்த வடம், தும்பியின் நுனியில் மெல்லிய வால்கயிறு. இரண்டும் மாட்டின் நுகத்துக்குப் போகும். சால் கிணத்துக்குள் இருக்கும்போது வால்கயிறு தும்பியை மடக்கி மேலே தூக்கிப் பிடித்திருக்கும், அதனால் தண்ணி ஒழுகாது. மாடுகள் வாரியில் சரிவாக இறங்க இறங்க சால் மேலே வரும். கடைசியில் சால் மேல் உருளைக்குப் போக, தும்பி கீழ் உருளை மேல் நீண்டு தொட்டிக்குள் வாயைத் திறக்கும். தண்ணி தானாகக் கொட்டும். சாலைக் கையால் சாய்க்க ஓர் ஆள் தேவையில்லை. இந்தக் கெட்டிக்காரத்தனம் முழுக்க வளைந்து கொடுக்கிற அந்தத் தோலில் இருந்தது.

தம்பி மகன் பொழுதுபோக்காகத் தோல் வேலை பழகுகிறவன். பர்ஸ், பெல்ட் எல்லாம் சொந்தமாகத் தைப்பான். தும்பியின் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நூலே இல்லையே பெரியப்பா!" ஆமாம். தோலையே மெல்லிய வாராகக் கீறி, குத்தூசியால் துளை போட்டு, இழுத்து இழுத்துத் தைத்தது. நூல் தண்ணியில் இற்றுப்போகும். வார் ஊறிப் பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். தோலை வெட்டுவதிலும் கணக்கு உண்டு. முதுகுப் பக்கத்துத் தோல் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். பாரம் தாங்குகிற இடத்துக்கு முதுகுதான் ஆகும். "எங்களுக்கும் இதையேதான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றான்.

அவன் கடையில் 'வெஜ் டேன்' என்று காசு கொடுத்து வாங்குவதும் இதே வம்சம்தான். மரப்பட்டையில் பதப்படுத்திய தோல். நம்ம ஊரில் அது ஆவாரம்பட்டை. தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தண்ணியில் போட்டு, முடியைச் சுரண்டி, கழுவுவார்கள். அப்புறம் தோலையே பை மாதிரி தைத்து, உள்ளே பட்டையும் பட்டைச் சாறும் ஊற்றித் தொங்கவிடுவதும் உண்டு. சாறு மெல்லக் கசிந்து தோல் முழுக்க ஏறும். கடுக்காயும் சேர்ப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை, நாற்றம் பிடித்த வேலை. தும்பி காய்ந்து வெடிக்காமல் இருக்க அவ்வப்போது எண்ணெய் பூச வேண்டும். நனைத்த தோலை வெயிலில் போட்டால் விறகாகிவிடும், நிழலில்தான் காயவேண்டும்.

சென்னை மாகாணத்தில் இதை மாற்ற முயன்றவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியராக வந்து, பிறகு சென்னைக் கலைத்தொழில் பள்ளியைப் பொறுப்பேற்று நடத்திய ஆங்கிலேயர். 1900-களின் தொடக்கத்தில் அங்கே குரோம் உப்பால் தோல் பதப்படுத்திப் பார்த்தார். தண்ணியில் சீக்கிரம் கெடாத கவலைத் தோல் செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று. வாரக்கணக்கு வேலை நாள்கணக்கில் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், எண்ணெய் எஞ்சின் வைத்துக் கிணத்துத் தண்ணி இறைக்கலாம் என்று உழவர்களிடம் பரப்பியவரும் அவரே. கவலைக்கு நல்ல தோல் தேடியவரே கவலையின் முடிவையும் தொடங்கி வைத்தார். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து கோயம்புத்தூர்ப் பக்கத்தை மாற்றியது. எங்கள் தோட்டத்துக்குக் கரண்ட் வர இன்னும் முப்பது வருசத்துக்கு மேல் ஆனது. குரோம் தோலுக்கும் ஒரு விலை இருந்தது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைக் கழிவுகளைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

இதுவரை தும்பியைப் பற்றிச் சொன்னேன். தைத்தவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது பாதிக் கதை.

இந்த வேலையை எங்கள் பக்கம் செய்தவர்கள் அருந்ததியர். செத்த மாட்டைத் தூக்கிப் போவதும் அவர்கள், தோலாக்குவதும் அவர்கள். வடம் பிய்ந்தாலும் தும்பி ஓட்டையானாலும் ஆள் போகும், உடனே வருவார்கள். கூலி காசாக இல்லை, அறுவடையில் களத்து மேட்டில் அளந்து போடுகிற தானியம். சின்னப் பையனாக நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்க அப்பாரு காலத்தில் தும்பி தைக்க வந்தவர், வேலை முடிந்ததும் தொட்டிக்குச் சற்றுத் தள்ளிக் குத்தவைத்து, இரண்டு கையையும் குவித்து உட்கார்ந்திருந்தார். யாராவது வந்து மேலிருந்து தண்ணி ஊற்ற வேண்டும். அவர் கையால் தைத்த தோல் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தக் கிணத்துக்குள் முங்கி எழும். அதில் வந்த தண்ணியை வீடே குடித்தது. அவர் கை மட்டும் அந்தத் தண்ணியில் படக்கூடாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"அவர் பேர் என்ன பெரியப்பா?" என்றான் பையன்.

கவலையில் பூட்டிய மயிலைக் காளையும் செவலைக் காளையும் எந்தச் சந்தையில் வாங்கியது என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் பேர் தெரியவில்லை. வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. சாதியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அவருடைய பேரன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார். தோல் வேலை தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய் அவர் தாத்தா பேரைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். இதை நாற்பது வருசத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

தும்பியைப் பையன் ஊருக்கு எடுத்துப்போகக் கேட்டான். பேர் தெரிஞ்சதும் ஒரு சீட்டில் எழுதி அதில் கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கிறேன்.