இறப்பர் புஷ்: ஒரு சிறு பொருளின் பின்னே நிற்கும் பெருங்கதை

பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்து வாழும் எமது குடும்பங்களிற் பல முதன்முதலில் வாங்கும் கார், வேறொருவர் பல்லாண்டு காலம் ஓடிக் களைத்த பழைய காராகவே இருக்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறை அதனைக் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லும்போது, கையில் தரப்படும் தாளில் 'சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்துவிட்டது' என்னும் வரி அடிக்கடி இடம்பெறுவதை வாசகர்கள் அறிவர். புஷ்ஷின் விலை பெரிதன்று. அதனை மாற்றுவதற்குக் கராஜில் கேட்கும் கூலிதான் பெரிது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே காரை உயர்த்திவைத்து அவ்வேலையைத் தாமே செய்துகொள்வோர் எம்மிடையே உளர்.

அவர்கள் கழற்றி எறிகின்ற, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த இறப்பர்த் துண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி எமது மக்களின் வரலாறாகும்.

இறப்பருக்கு முந்திய காலம்

குதிரை வண்டிகளின் காலத்திலேயே வில்லுகள் தோன்றிவிட்டன. 1804-இல் ஒபதையா எலியட் என்னும் ஆங்கிலேயர், வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டி பிறந்தபோது அதுவும் அத்தகட்டு வில்லுகளையே சுவீகரித்துக்கொண்டது. ஆனால் வில்லு அசையும்போது அதன் நுனியும் அசைய வேண்டும். அந்த அசைவிடத்தில் வெண்கலத்தாலான வளையம் ஒன்றைப் பொருத்தி, அதனூடே எஃகு ஊசியைச் செலுத்தினர். அதுவே ஆதிகாலத்துப் புஷ்.

உலோகத்தோடு உலோகம் உராயும் இடத்தில் கிறீஸ் வற்றினால் தேய்வு தொடங்கிவிடும். சில நூறு மைல்கள் ஓடியதும் வண்டியின் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் கிறீஸ் ஏற்ற வேண்டியிருந்தது. தவறினால் மூட்டு கிறீச்சிடும். சிலகாலத்தில் ஆடத் தொடங்கும். சாலையின் அதிர்வு முழுவதும் இருக்கையில் இருப்போரின் எலும்பு வரை சென்று சேரும்.

விதை வந்த வழி

வெயிலில் உருகியும் குளிரில் வெடித்தும் பயனற்றுப்போன இறப்பரை, கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்பதை அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அவ்வாறு பதப்படுத்திய இறப்பரின் மாதிரிகளை 1842-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டீபன் மோல்ற்றன் என்பவர். அவர் 1848-இல் பிராட்ஃபோர்ட்-ஒன்-ஏவன் என்னும் ஊரில் இறப்பர் ஆலை ஒன்றை நிறுவினார்.

ஆலைகளின் பசிக்குப் பிரேசில் நாட்டுக் காட்டு மரங்கள் போதவில்லை. 1876-இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அமேசன் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் சென்றன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் இவ்வாறே தொடங்கின.

மோட்டார் வண்டி பெருகப் பெருக இறப்பரின் விலையும் ஏறியது. 1910-இல் அவ்விலை உச்சத்தைத் தொட்டது. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களுக்குத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வாயிலாக ஆட்கள் திரட்டப்பட்டனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்தோருள் தமிழரே பெருந்தொகையினர். இலங்கையிலோ களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில் சிங்களத் தொழிலாளரோடு தமிழ்த் தொழிலாளரும் பால் வெட்டினர்.

விடியுமுன் எழவேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். வழியும் பால் சிரட்டையில் சேரும். அதனை அமிலமிட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, புகையறையில் உலர்த்தினால் அது கப்பலேறத் தயாராகும். ஐரோப்பிய ஆலைக்குச் சென்று சேர்ந்த தகட்டில் தோட்டத்தின் முத்திரை இருந்தது. பால் வெட்டியவரின் பெயர் இருக்கவில்லை.

கிறீஸ் வேண்டாத மூட்டு

1920-களில் லியோன் தீரி என்னும் பொறியியலாளர், வெளியே ஓர் எஃகுக் குழாய், உள்ளே ஒரு சிறு குழாய், இரண்டுக்கும் இடையே இறுக்கமாக அடைக்கப்பட்ட இறப்பர் என்னும் அமைப்பை உருவாக்கினார். 'சைலன்ற்புளொக்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இதில் எந்த உலோகமும் மற்றோர் உலோகத்தின்மீது உராய்வதில்லை. வில்லு அசையும்போது இடையிலுள்ள இறப்பரே முறுகிக் கொடுத்து, பின் பழைய நிலைக்கு மீள்கின்றது. கிறீஸ் தேவையில்லை, சத்தமுமில்லை. 1931-இல் அமெரிக்காவின் பிளிமத் கார், இயந்திரத்தையே இறப்பர்மீது மிதக்கவைத்து விளம்பரம் செய்தது. அதன்பின் இறப்பர் காரின் ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் புகலாயிற்று.

இவ்விடத்தில் எமது மக்கள் நன்கறிந்த ஒரு காரைக் குறிப்பிட்டேயாக வேண்டும். அது மொறிஸ் மைனர். அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906-இல் ஸ்மேர்ணா நகரில் பிறந்தவர். 1922-இல் போரின்போது அவரது குடும்பம் பிரித்தானியக் கப்பலில் ஏற்றப்பட்டு மால்ற்றாத் தீவில் இறக்கப்பட்டது. தந்தையார் அங்கேயே காலமானார். தாயும் மகனும் 1923-இல் இலண்டன் வந்துசேர்ந்தனர். பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் கணித பாடத்தில் மூன்று முறை சித்தியடையத் தவறிய அந்த அகதி இளைஞரே பின்னாளில் மொறிஸ் மைனரையும் மினியையும் உலகுக்கு அளித்தவர். 1959-இல் வெளிவந்த மினியில் வில்லே இறப்பராலானது. அதனை ஆக்கியவர் முன்னர் கூறிய ஸ்டீபன் மோல்ற்றனின் கொள்ளுப்பேரனான அலெக்ஸ் மோல்ற்றன் ஆவார்.

மொறிஸ் மைனர் 1948 ஒக்டோபர் 27-ஆம் நாள் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதன் முன்சக்கரக் கீழ்க்கைகளின் அடியிலும் பின்வில்லுகளின் நுனிகளிலும் இருந்தவை இறப்பர் புஷ்கள். அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்த மலையகத் தமிழருள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அச்சட்டத்தினால் நாடற்றவராயினர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே பத்தொன்பது நாட்களே கழிந்திருந்தன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமன்று. எனினும், இறப்பர் உலகெங்கும் தடையின்றிச் சென்ற அதே காலத்தில், அதனை வெட்டியவர் தாம் வாழ்ந்த மண்ணிலேயே உரிமையிழந்தார் என்பதை வரலாற்று மாணவர்கள் மறத்தலாகாது.

1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவ்வாறு இந்தியா சென்றோருள் ஒரு பகுதியினர் எங்கே குடியமர்த்தப்பட்டனர்? கன்னியாகுமரியின் அரசு இறப்பர்த் தோட்டங்களிலும், கேரளத்துப் புனலூரில் இவர்களுக்கென்றே 1976-இல் அமைந்த தோட்டத்திலும், கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் மீண்டும் பால் வெட்டும் கத்தியே அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள்

1960-களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை பழைய கார்களைப் பேணுவதே வழியாயிற்று. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் யாழ்ப்பாண வீதிகளில் வாடகைக் கார்களாகவும் மணமக்கள் ஊர்வலக் கார்களாகவும் ஓடின.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் யாவும் தடைப்பட்டியலில் அடங்கின. சிறிதளவு பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடிய அக்கார்களை எம்மிற் பலர் கண்டோம். நோயாளரையும் கர்ப்பிணித் தாய்மாரையும் அவற்றிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். புஷ் தேய்ந்தால் மெக்கானிக்குகள் பழைய லொறி ரயரை வெட்டி, துளையிட்டு, அரத்தால் உராய்ந்து புதியதொன்றைச் செய்தனர். அது நீண்டநாள் உழைக்கவில்லை. எனினும் கார் நிற்கவில்லை.

வீட்டில் மாற்றுவோர் அறியவேண்டியவை

பிரித்தானியாவில் வீட்டிலேயே கார் திருத்தும் வழக்கத்தை வளர்த்தவருள் ஜோன் ஹெய்ன்ஸ் என்பவர் முக்கியமானவர். ஒரு காரை முற்றாகக் கழற்றிப் பூட்டி, ஒவ்வொரு படியையும் புகைப்படத்தோடு விளக்கும் அவரது கைந்நூல்களில் முதலாவது 1966-இல் வெளிவந்தது. அவர் 1938-இல் இலங்கையில் பிறந்தவர். தந்தையார் தேயிலைத் தோட்ட முகாமையாளர். 2019-இல் காலமானார். காரை வடிவமைத்தவரின் பெயரும், அதனைக் கழற்றக் கற்பித்தவரின் பெயரும் நூல்களில் நிலைத்துவிட்டன.

மொறிஸ் மைனரின் புஷ்ஷை ஸ்பனரும் பொறுமையும் கொண்டு மாற்றிவிடலாம். இன்றைய கார்களில் புஷ் பெரும்பாலும் எஃகு உறையோடு ஒட்டியே வருகின்றது. கையின் துளைக்குள் அது பெரும் அழுத்தத்தோடு செலுத்தப்பட்டிருக்கும். சில கார்களுக்குப் புஷ் தனியாகக் கிடைப்பதில்லை. கையையே முழுமையாக மாற்ற வேண்டும். எதுவாயினும் சில விதிகள் பொதுவானவை.

முதலாவது: ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே செல்லலாகாது. சமதரையில் நிறுத்தி, தரையிலிருக்கும் சக்கரங்களுக்குத் தடை வைத்து, உறுதியான இரும்புத் தாங்கிகளில் காரை இருத்திய பின்னரே கீழே செல்ல வேண்டும். இரண்டாவது: சுருள்வில்லைக் கழற்ற நேரிடும் வேலையாயின் அதனைக் கராஜிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை, அழுந்திய வில்லு உயிரைப் பறிக்கக்கூடியது. மூன்றாவது: இறப்பர்ப் புஷ்ஷைச் செலுத்த எண்ணெயோ சாதாரணக் கிறீஸோ பூசலாகாது, அவை இறப்பரை ஊதச்செய்து அழித்துவிடும், சவர்க்கார நீர் போதும். நான்காவது: ஒரு பக்கம் தேய்ந்திருப்பினும் இரு பக்கமும் மாற்றுக.

ஐந்தாவது விதியையே பலர் அறியார். புதிய புஷ்ஷின் போல்ற்றைக் கார் உயர்த்தப்பட்டிருக்கும்போது இறுகப் பூட்டலாகாது. சக்கரங்கள் தொங்கும் நிலையில் பூட்டினால், காரை இறக்கியதும் இறப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும். காரின் பாரம் முழுவதும் சக்கரங்களில் இறங்கிய பின்னரே இறுதி இறுக்கம் கொடுக்க வேண்டும். தீரி கண்ட அமைப்பு உராய்வதன்று, முறுகுவது என்பதை நினைவிற் கொண்டால் இதன் காரணம் தானே விளங்கும். இறுதியாகச் சக்கரங்களின் நேர்த்தியைக் கராஜில் அளந்துகொள்ள வேண்டும்.

இன்றும் சஸ்பென்ஷன் புஷ்களுக்குச் செயற்கை இறப்பரைவிட மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை இறப்பரே பெரிதும் விரும்பப்படுகின்றது. மீண்டும் மீண்டும் முறுகினாலும் எளிதில் வெடிக்காத தன்மை அதற்குண்டு. ஆகவே எமது பிள்ளைகள் ஸ்பனரை எடுத்துத்தர அருகில் நிற்கும் வேளையில், இசிகோனிஸ் என்ற அகதியின் கதையைச் சொல்வோம். அத்தோடு, விடியுமுன் சிரட்டையோடு மரத்தடிக்குச் சென்று, பிரசாவுரிமையும் இழந்து, கடல் கடந்தும் அதே மரத்தடிக்கே அனுப்பப்பட்ட எமது உறவுகளின் கதையையும் சொல்வோம். எந்தக் கைந்நூலிலும் அது அச்சாகவில்லை. ஆதலால் அதனைச் சொல்லும் பொறுப்பு எம்முடையது.