சேவா சமிதி வளர்த்த சாரணர்கள்

இந்தியச் சாரணர் இயக்கத்தின் வரலாற்றை 1909இல் பெங்களூரில் கேப்டன் டி. எச். பேக்கர் தொடங்கிய படையிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். ஆண்டு சரிதான். ஆனால் அந்தப் படையிலும், அடுத்த சில ஆண்டுகளில் பிற நகரங்களில் அமைந்த படைகளிலும் சேர்க்கப்பட்டவர்கள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்கள் மட்டுமே. இந்தியப் பையன்களுக்கு இந்தப் பயிற்சி கிடைத்தால் நாளை அவர்கள் புரட்சிக்காரர்களாகிவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது. ஆகவே நம் பிள்ளைகளுக்குச் சாரணியம் வந்து சேர்ந்த வழியை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். ஊரார் கூடி நடத்திய சேவைச் சங்கங்களே அதற்கு இடம் கொடுத்தன. அவை பணம் தந்துவிட்டு ஒதுங்கிய புரவலர்கள் அல்ல. சாரணன் செய்ய வேண்டிய வேலை எது என்பதையே அவைதான் முடிவு செய்தன.

இதற்குத் தெளிவான சான்று சேவா சமிதி என்ற அலகாபாத் தொண்டுச் சங்கம். லட்சக்கணக்கானோர் ஆற்றங்கரையில் கூடும் மேளாக்களில் நெரிசலில் பிரிந்த குழந்தைகளைச் சேர்த்துவைப்பதும், காலரா கண்டவர்களைத் தூக்கிச் செல்வதும், நீரில் தத்தளிப்போரைக் கரையேற்றுவதும் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலைகள். 1915 ஹரித்துவார் கும்பமேளாவுக்கு, கோகலே 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம் ஒரு பெரிய தொண்டர் படையை அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஹிருதயநாத் குன்ஸ்ரு. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தி, அங்கிருந்த தம் ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து வந்த குழுவினரோடு ஹரித்துவாரில் சேர்ந்து அந்தப் படைக்கு உதவினார். ஷாஜஹான்பூரில் ஏற்கெனவே சிறுவர்களுக்குச் சாரணப் பயிற்சி அளித்துவந்தவர் ஸ்ரீராம் பாஜ்பாய். அவரும் குன்ஸ்ருவும் மதன் மோகன் மாளவியாவும் சேர்ந்து 1918இல் சேவா சமிதி சாரணர் சங்கத்தை உருவாக்கினார்கள். சிறு அணிகளாகப் பிரிவது, அணிக்கொரு தலைவன், முதலுதவி, முடிச்சுப் போடுதல் ஆகியவை சாரணியத்தை நிறுவிய பேடன் பவலின் முறை. அந்தத் திறமை பயன்பட்ட இடமோ மேளாத் திடல். காட்டில் தடம் பார்க்கும் விளையாட்டாக இங்கிலாந்தில் தொடங்கியது, இங்கே கூட்டத்தில் வழி தவறிய கிழவியைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பாயிற்று. இந்த மாற்றத்தைச் செய்தது லண்டன் தலைமையகம் அல்ல, உள்ளூர்ச் சமிதி.

பேரரசு தன் காவலுக்கு வகுத்த பயிற்சியைக் கடன் வாங்கியவர்கள்தானே இவர்கள் என்று கேட்கலாம். பேடன் பவல் போயர் போரில் பெயர் பெற்ற படைத்தளபதி என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் கடன் வாங்கியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கிய அன்னி பெசன்ட், தன்னாட்சி கோரிய ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக 1917இல் காவலில் வைக்கப்பட்டவர். அவருக்குத் துணை நின்ற ஜார்ஜ் அருண்டேலும் அப்படியே. அவர்களுடைய சாரணர்கள் தலைப்பாகை கட்டினார்கள், இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்து அன்னி பெசன்ட்டின் சங்கத்தைத் தம் இயக்கத்தோடு இணைத்துக்கொண்டதற்குக் காரணம் பெருந்தன்மை மட்டுமல்ல. கதவு மூடியிருந்தபோதே இந்தியப் பையன்கள் சாரணர்களாகிவிட்டிருந்தார்கள். சேவா சமிதி அந்த இணைப்புக்கு உடன்படவில்லை. 1937இல் பேடன் பவல் இந்தியர்களின் குணத்தைக் குறைத்துப் பேசியதாக எழுந்த கொந்தளிப்புக்குப் பின், 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. அந்த நேரத்தில் தனித்து நிற்பதற்கு ஓர் அமைப்பு கைவசம் இருந்ததென்றால், அது சமிதி காத்துவைத்த சுதந்திரத்தால்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வளர்ப்பவரின் சாயல் பிள்ளைகள் மேல் படியும். மாளவியா இந்து மகாசபையின் முன்னணித் தலைவர். மேளாக்கள் இந்துக்களின் விழா. அப்படியிருக்க ஒரு முஸ்லிம் சிறுவன் இந்தப் படையைத் தன்னுடையது என்று எப்படி நினைப்பான்? இதை மறுக்க நான் முயலமாட்டேன். சேவைச் சங்கத்தின் எல்லை எதுவோ அதுவே அதன் சாரணர்களின் எல்லையும் ஆகிவிடுகிறது. ஆனால் இதற்கு மருந்து சங்கங்களை விலக்குவது அல்ல, பலவகைச் சங்கங்கள் படைகளை ஏற்பதுதான். அமெரிக்காவில் ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் கழகங்களும் பல பிரிவுத் தேவாலயங்களும் தத்தம் பொறுப்பில் படைகளை நடத்தியதால் ஒரே ஊரில் ஒரு பையன் தேர்ந்தெடுக்க இடமிருந்தது. இங்கே அந்தப் பன்மை போதுமான அளவு வளரவில்லை. குறை அங்கேதான்.

1950 நவம்பர் 7 அன்று பிரிந்து கிடந்த அமைப்புகள் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாயின. மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள். முதல் தேசிய ஆணையராகப் பொறுப்பேற்றவர் அதே குன்ஸ்ரு. ஒற்றுமை தேவைப்பட்ட காலம் அது. அந்த முடிவைத் தவறு என்று சொல்ல முடியாது. எனினும் அதன் பின் படைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களைச் சார்ந்தே வளர்ந்தன. பள்ளியால் சீருடையும் நேர அட்டவணையும் தர முடியும். ஊரில் செய்ய வேண்டிய வேலை எது என்று சொல்வதற்கு ஊரோடு பழகிய ஒரு சங்கம் வேண்டும். வெள்ள நிவாரணத்துக்கும் ரத்த தான முகாமுக்கும் ஆள் தேடும் இன்றைய சேவைக் கழகங்கள், பக்கத்துத் தெருப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு படையைத் தாமே ஏற்று நடத்தலாம். அலகாபாத்தில் அதைத்தான் செய்தார்கள்.